அண்ணன் வெளியில் சொல்லாத கூடு

ரகசியம் சொல்வதற்கு முன் அண்ணன் ஜெராக்ஸ் மெஷினின் மூடியை மூடுவார். பதினெட்டு வருடமாகப் பார்த்து வருகிறேன். மூடி இறங்கினால் யாருக்கோ மாற்றலாகியிருக்கிறது, இல்லை யார் வீடோ விலைக்கு வந்திருக்கிறது. நகலெடுக்க வரும் காகிதம் ஒன்றையும் அவர் படிக்காமல் விடுவதில்லை. "உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்" என்று ஒரு நாளில் நாலைந்து பேரிடம் சொல்வார். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, அதே கடையின் பின்பக்கம் பைண்டிங் வேலைக்கு உட்கார்ந்தவள். எனக்குப் பேச்சு குறைவு. வீட்டுக்கு வேண்டிய மொத்தத்தையும் அவரே பேசிவிடுவதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பறவை பார்க்கும் கூட்டம் ஒன்றுக்குப் பட்டியல் அச்சடித்துக் கொடுத்த பழக்கத்தில் அண்ணனும் அதில் சேர்ந்தார். அதன் தலைவர் ஓய்வு பெற்ற மாட்டு டாக்டர். மூன்றாவது வாரமே அண்ணனுக்கு 'ஆட்காட்டி' என்று பெயர் வைத்துவிட்டார். மனிதத் தலை தெரிந்தாலே காடு முழுக்கக் கேட்கும்படி கத்தும் பறவை அது.

பனி விட்டு வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் எல்லோரும் வேனில் புறப்பட்டார்கள். கூட்டத்திலிருந்த டீச்சருக்குத் துணையாக என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். வழியெல்லாம் பொட்டல். இறங்கி நடந்த இடத்தில் காய்ந்த புல்லிலிருந்து ஒரு வானம்பாடி பாடிக்கொண்டே மேலேறியது. எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றபோது, அண்ணன் டீச்சரிடம் யாருடைய மகன் எத்தனை மார்க் வாங்கினான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆட்காட்டி, கொஞ்சம் வாய்க்கு ஓய்வு குடுங்க," என்றார் டாக்டர். "எல்லாரும் கேட்டுக்கோங்க. கூடு கண்டா வெளியில மூச்சு விடக் கூடாது. பொண்டாட்டிகிட்டயும்தான். போன வருஷம் ஒருத்தர் சொல்லிட்டாரு. கேமராவைத் தூக்கிட்டு ஒரு படையே போச்சு. தாய் திரும்பி வரலை. குஞ்சு ரெண்டும் செத்துப்போச்சு."

மதியம் பாறைக்குன்றில் சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் ஒதுங்கப் போனார். வெகுநேரம் வரவில்லை. தேடிப் போனேன். பாதி மாட்டிய பெல்ட்டைப் பிடித்தபடி சிலையாக நின்றிருந்தார். எதிரே பாறைத் திட்டில் ஒரு கொம்பன் ஆந்தை, ஆரஞ்சு நிறக் கண்களால் அவரை மேலும் கீழும் பார்த்தது. அதன் வயிற்றடியில் பஞ்சு உருண்டைபோல் இரண்டு குஞ்சுகள்.

"யார்கிட்டயும் உளறிடாத," என்றார். என்னைப் பார்த்து.

திரும்பும் வழியில் அவர் வாய் திறக்கவில்லை. வயிறு சரியில்லையா என்று டீச்சர் மாத்திரை கொடுத்தார். அதையும் பேசாமல் விழுங்கினார்.

மறுநாள் கடையில் மூடி இறங்கியது.

"உனக்குத் தெரியுமா? அந்தக் குன்றுல ஒரு கொம்பன் ஆந்தை கூடு வெச்சிருக்கு."

"நானும் பக்கத்துலதானேண்ணே நின்னேன்."

"நின்னா என்ன? கேளேன்."

அன்றைக்கு ஐந்து முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் "அப்படியா" என்றேன். வெள்ளிக்கிழமைக்குள் ஆந்தை ஆட்டுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது.

பிறகு போட்டோ ஸ்டுடியோக்காரர் வந்தார். முழங்கை நீள லென்ஸ் வைத்திருப்பவர்.

"வேன்ல வரும்போது நீங்க பேசவே இல்லையாமே. அப்படி என்னத்தைப் பார்த்தீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"முகத்துலயே எழுதியிருக்கு. எங்கிட்டச் சொல்ல மாட்டீங்களா?"

அண்ணனின் காது சிவந்தது. மூடி இறங்கியது. நான் தைத்துக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தினேன்.

"உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்," என்றார். "நான் பத்தாவது பாஸே பண்ணலை. கணக்குல ரெண்டு தடவை போச்சு. கல்யாணம் பேசும்போது பாஸ்னு சொல்லிட்டோம். அந்தக் கவலைதான்."

ஸ்டுடியோக்காரர் ஆறுதல் சொல்லிவிட்டு அவசரமாகப் போனார். விளக்கு வைப்பதற்குள் செய்தி அண்ணிக்கு வந்து சேர்ந்தது.

"பதினஞ்சு வருஷம் எங்கிட்ட மறைச்சதை அந்த ஆள்கிட்டச் சொல்லணுமா?" என்று அண்ணி கேட்டார். "பிள்ளைங்களுக்குக் கணக்கு வேற சொல்லிக் குடுத்தீங்களே. ரெண்டும் ஏன் தத்தளிக்குதுன்னு இப்பத்தானே புரியுது."

அண்ணன் காரணம் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். நான்கு நாள் அண்ணியின் பேச்சு எல்லாம் என் வழியாகத்தான் அவருக்குப் போனது. "உன் அண்ணனைச் சாப்பிட வரச் சொல்லு." மூன்றடி தள்ளித்தான் அவர் உட்கார்ந்திருப்பார்.

அந்த வருடக் குஞ்சுகள் இரண்டும் வளர்ந்து பறந்துவிட்டன. அண்ணி இப்போது அண்ணனிடம் பேசுகிறார், கணக்கு நோட்டை மட்டும் டியூஷனுக்குக் கொடுத்தனுப்புகிறார். இந்த வருடமும் அந்தத் திட்டில் ஆந்தை உட்கார்ந்திருக்கிறது. இடம் அண்ணனுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.