வெட்டி ஒட்டிய சிரிப்பு

சந்தேகம் வந்தால் ஆதாரத்தைத் தேடுவீர்களா, தயாரிப்பீர்களா?

தொலைக்காட்சித் துப்பறியும் தொடர் ஒன்றின் படத்தொகுப்பாளர் தயாரித்தார். யாரோ காட்டிய கைக்குட்டையை ஆதாரமாக நம்பி, சந்தேகத்தில் மனைவியைக் கொன்ற பழைய ஆங்கில மேடை நாடகத்துத் தளபதிக்கு அந்தத் தொடரில் போலீஸ் உடுப்பு மாட்டியிருந்தார்கள். "கூறுகெட்டவன், அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று திட்டிக்கொண்டேதான் அவர் காட்சிகளை வெட்டினார்.

கதாநாயகிக்குக் குரல் கொடுப்பவர் அவருடைய மனைவி. ஒலிப்பதிவில், வில்லனுக்குக் குரல் கொடுப்பவன் "கண்ணே" என்றதும் அவள் கலகலவென்று சிரித்தாள். அதைப் பதினோரு முறை ஓட்டிக் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும், "நாளையிலேருந்து டப்பிங் போகாதே" என்றார்.

"ஏனாம்?"

"அவன் கொஞ்சுறான், நீ இளிக்கிறே. என் காதாலயே கேட்டேன்."

"அடப்பாவி மனுஷா! நடுவுல எனக்கு விக்கல் வந்து டேக் வீணாப் போச்சு, அதுக்குச் சிரிச்சேன். விக்கலை வெட்டுனது யாரு?"

அவர்தான். வேண்டாத சத்தம் என்று காலையில் வழக்கம்போல் வெட்டியதை, பொறாமையில் மறந்தே போனார். "தப்புதாம்மா" என்றார்.

"சரி, நிஜமாவே அவன் பேச்சுக்குச் சிரிச்சிருந்தா? என் வேலையை நிறுத்திடுவீங்களோ?"

மறுநாள் அவள் டப்பிங் போனாள்.

உங்கள் வீட்டிலும் சந்தேகத்தால் ஒரு பெண்ணை வேலைக்குப் போகவிடாமல் நிறுத்தியிருந்தால், அந்தத் தடையை இன்றே நீக்குங்கள்.