சம்பந்தியம்மா படித்த ரிப்போர்ட்

எனக்கு மார்பகப் புற்றுநோய் குணமானபோது, "இது பரம்பரையா வர்ற வகை. உங்க மகளுக்கும் மரபணு டெஸ்ட் எடுங்க" என்றார் டாக்டர். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததால் டாக்டர் சொன்னதை அவளிடம்கூட மறைத்தேன்.

பாகலூரிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் புடவை காட்ட பீரோவைத் திறந்தேன். அங்கே ஒளித்து வைத்திருந்த என் மரபணு ரிப்போர்ட் கீழே விழ, அவர் எடுத்துப் படித்துவிட்டார். நான் அழுதுவிட்டேன்.

"கல்யாணம் நின்னுடும்னு பயந்தீங்களா? நானும் இதுவரைக்கும் செக்கப் பண்ணிக்கல. வாங்க, மூணு பேருமே ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றார். மகளைக் கூப்பிட்டு அவரே பக்குவமாகச் சொன்னார்.

மகளுக்கும் அந்த மரபணுக் கோளாறு இருந்தது, நோய் இல்லை. கல்யாணம் ஜோராக நடந்தது. இப்போது வருடா வருடம் மாமியாரும் மருமகளும் சேர்ந்து ஸ்கேனுக்குப் போய், பிரியாணி சாப்பிட்டுவிட்டுச் சிரித்தபடி திரும்புகிறார்கள்.

நான் சொல்லியிருக்க வேண்டியதை அவர் சொன்னாரே என்ற வெட்கம் மட்டும் எனக்கு இன்னும் போகவில்லை.