ஓரத்து முகம்

சின்னசாமியின் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸைத் திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கட்டியிருந்தார்கள். அதில் இருந்தது சின்னசாமியே இல்லை என்று சத்தியம் செய்யலாம். மனிதர் ஒல்லி. ஃப்ளெக்ஸில் கன்னம் பூரி மாதிரி உப்பியிருந்தது, நெற்றி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. இது போதாதென்று தோளில் யாருடையதோ நான்கு விரல்கள். ஆள் இல்லை, விரல்கள் மட்டும்.

லேபைத் திறக்கப் போய்க்கொண்டிருந்த புவனா அதைப் பார்த்துவிட்டு நின்றாள். பிறகு நேராக ஃப்ளெக்ஸ் அடிக்கும் பூபாலன் கடைக்குப் போனாள்.

"இன்னா பூபாலா இது? சின்னசாமி அண்ணன் இப்டியா இருந்தாரு?"

"நான் இன்னாக்கா பண்றது? அவருக்குன்னு தனியா ஒரு போட்டோ இல்ல. டூர் குரூப் போட்டோலேர்ந்து வெட்டி எடுத்தேன். ஓரத்துல நின்னுகினு இருந்தாரு, மூஞ்சி இழுத்துகினு போச்சு. பக்கத்துல இருக்கறவரு தோள்ல கை போட்டுகினு இருக்காரு. அந்த விரல எடுத்தா சட்டையும் கூடவே போவுது."

தன்மேல் தப்பில்லை என்று காட்ட, அந்தக் குரூப் போட்டோவைக் கம்ப்யூட்டரில் திறந்தான். ஒரு ஓரத்தில் சின்னசாமி. நடுவில் குடும்பம் குடும்பமாக ஊர்க்காரர்கள். மறு ஓரத்தில் புவனா. அவள் முகமும் அதே மாதிரி உப்பி, அதே மாதிரி இழுத்துக்கொண்டு இருந்தது. அவளுக்கும் அடுத்து நின்ற குடும்பத்துக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது.

நாளைக்கு நான் போய்ச் சேர்ந்தாலும் இவன் இதைத்தான் வெட்டுவான் என்று புவனாவுக்குத் தோன்றியது. தோன்றியது போகவில்லை.

புவனாவைத் திருத்தணியில் தெரியாதவர்கள் குறைவு. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருக்கிறாள். வயது நாற்பத்தெட்டு. ஊரில் பாதிப்பேரின் கையைப் பிடித்து, "முஷ்டிய இறுக்கிக்கோங்க" என்று சொன்னவள். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கொழுப்பு என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் சாப்பிட்டாளா என்பதுதான் யாருக்கும் தெரியாது. கல்யாணம் தகையவில்லை. ஏன் என்று கேட்டால் ஊர் ஆளுக்கொரு காரணம் சொல்லும், அவள் சொல்லமாட்டாள். தம்பி கதிரவன் அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறான். பண்டிகைக்குப் பண்டிகை அங்கே போவாள், தறிச் சத்தத்தில் யாரும் யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் நிம்மதியாக இருந்துவிட்டு வருவாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை சந்திரமோகனின் யாத்திரை வண்டியில் கிளம்புவாள். அவள் வாழ்க்கையில் தானாக ஆசைப்பட்டுச் செய்கிற காரியம் அது ஒன்றுதான். ஜன்னல் சீட்டு. பக்கத்து சீட்டில் வண்டியின் சமையல் சாமான் பை.

அன்று சாயங்காலம் கதிரவனுக்குப் போன் போட்டாள்.

"டேய், என் போட்டோ ஏதாச்சும் கீதா உங்கிட்ட?"

"எதுக்குக்கா? ஆதார்ல இருக்குமே."

"அது போட்டோவாடா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "நைனா பெட்டியில ஒண்ணு கீது. மாப்ள வூட்டுக்குக் குடுக்கறதுக்கு எடுத்தமே, பிளாஸ்டிக் பூச்செடி பக்கத்துல. அதுல உனக்கு இருவத்திரெண்டு வயசு. அனுப்பட்டா?"

"வேணாம்" என்று வைத்துவிட்டாள். அந்தப் போட்டோ எத்தனை வீட்டுக்குப் போய் எத்தனை வீட்டிலிருந்து திரும்பி வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து இதே வேலையாகிவிட்டது. ஓரத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் முகம் ஏன் உப்புகிறது என்று யூடியூபில் தேடினாள். காரணம் சிக்கியது. சந்திரமோகன் பின்னால் நகரச் சோம்பல்பட்டு, நின்ற இடத்திலிருந்தே போனில் பாயின்ட் ஃபைவ் வைத்து எல்லாரையும் அடைக்கிறார். அவ்வளவு அகலமாகப் பார்க்கிற லென்ஸ் நடுவில் இருப்பவரை ஒழுங்காகக் காட்டும், ஓரத்தில் இருப்பவரை இழுத்துவிடும். புவனா அந்த வீடியோவைத் திரும்பவும் பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தன் மூஞ்சியே அப்படித்தான் என்று நினைத்திருந்தாள் பாவி. அந்தக் காலியிடத்தையும் லென்ஸ்தான் இழுத்துப் பெரிதாக்கியிருக்க வேண்டும் என்று அவளே சேர்த்துக்கொண்டாள்.

சந்திரமோகனிடம் சொல்லிப் பார்த்தாள். "அண்ணே, கொஞ்சம் பின்னாடி போயி, பாயின்ட் ஃபைவ் இல்லாம எடுங்களேன்."

"நான் வண்டி பார்க்கிங்கப் பாக்கறதா, ஜனங்கள எண்றதா, உங்களுக்காகப் பின்னாடி போறதா?" என்றார் அவர். அவர் கேட்டதும் நியாயம்தான்.

சரி, கேமராவை நாமே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தாள். மாசாமாசம் கட்டி வந்த சீட்டுப் பணத்தை எடுத்தாள். ஆனால் கேமரா வாங்குவது சுலபம், லென்ஸ் தேர்ந்தெடுப்பதுதான் ஆளைக் கொல்லும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. யூடியூபில் ஒருத்தர் சொல்வார், பயணத்துக்கு ஒரே லென்ஸ் போதும், கிட்டத்திலிருந்து எட்டம்வரை எல்லாம் அதிலேயே. இன்னொருத்தர் அது கனம், வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் உதவாது என்பார். மூன்றாமவர் பிஸ்கட் மாதிரி தட்டையான ஒன்றைக் காட்டி, ஜூம் எதற்கு, காலால் நடங்கள் என்பார். லேபை மூடிவிட்டு வந்து, தோசை வார்த்துக்கொண்டே இவர்களோடு சண்டை போடுவாள். "உனக்கின்னா, சட்டைப் பையில போட்டுகினு போயிடுவ. இருவது பேரு குரூப் போட்டோவ எங்க நின்னுடா எடுப்ப?" என்று போனைப் பார்த்துச் சத்தமாகவே கேட்பாள். மாசக்கணக்கில் நீண்டது. உள்ளபடி சொன்னால், சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்றுகூட அவளுக்கு இருந்தது. வீட்டில் ஒரு பேச்சுக்குரல் கேட்டதே.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிச் சென்னைக்குப் போனாள். கடையில் பிரியங்கா என்கிற பெண் மூன்று லென்ஸ்களைக் கண்ணாடி மேஜையில் எடுத்து வைத்தாள். புவனா முதலில் செய்தது, தோளிலிருந்த கைப்பையை இறக்கியதுதான். ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பார்த்தாள். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், குடை எல்லாம் இருக்கிற பை. எல்லாவற்றையும் எடுக்கிற அந்த நீள லென்ஸ் போனதும் குடை வெளியே வந்தது. அது கழிந்தது. தட்டை லென்ஸ் எங்கே போனதென்றே தெரியவில்லை, அவ்வளவு சின்னது. ஆனால் அதில் கிட்ட எட்ட மாற்ற முடியாது.

"கோயில் வாசல்ல சில இடத்துல பின்னாடி போவ இடம் இருக்காது. சில இடத்துல மைதானம் மாதிரி இருக்கும். ரெண்டுக்கும் ஒண்ணே ஒண்ணுன்னா எதும்மா?"

பிரியங்கா நடுவிலிருந்ததைக் காட்டினாள். பதினெட்டு எம்.எம். அகலத்திலிருந்து ஐம்பது எம்.எம். வரை போகிற குட்டி ஜூம். உள்ளங்கையில் அடங்கியது. "இருட்டுலயும் நல்லா வரும். ஆன்ட்டி, அப்படி ஓரமா நில்லுங்க, காட்றேன்" என்று பதினெட்டில் வைத்துக் கிட்டத்திலிருந்து ஒன்று எடுத்தாள். பிறகு கடையின் மறுகோடிக்குப் போய் ஐம்பதில் வைத்து ஒன்று.

முதலாவதில் பழைய டூர் முகம். இரண்டாவதில் ஒரு பெண் நின்றிருந்தாள். முன்நெற்றியில் நரை, களைத்த கண், கொஞ்சம் நன்றாகவே இருந்தாள்.

"ஐம்பதுல வெச்சிட்டுப் பின்னாடி போங்க. ஓரத்துல நிக்கறவங்களும் அவங்களாவே இருப்பாங்க" என்றாள் பிரியங்கா. அது அவளுக்கு வியாபாரப் பேச்சு. புவனா இரண்டாவது படத்தைத் திரும்பவும் பார்த்தாள். அந்தப் படத்தைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, கேமராவையும் லென்ஸையும் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அந்த வருஷ யாத்திரை கர்நாடகப் பக்கம். தர்மஸ்தலத்தில் தொடங்கி எல்லா இடத்திலும் புவனாதான் படம் எடுத்தாள். பின்னால், இன்னும் பின்னால் என்று நகர்ந்து போய் எடுத்தாள். சாயங்காலம் வண்டியில் கேமரா கைமாறிக்கொண்டே போனது. "பாருடி, நான் ஓரத்துல கீறேன், எப்டி கீறேன் பாரு!" என்று கமலா மகளுக்குக் காட்டினாள். கமலா சந்திரமோகனின் மனைவி. ஓரத்தில் நிற்க மாட்டேன் என்று வருஷா வருஷம் சண்டை போடுகிறவள். இப்போது எங்கே இறங்கினாலும் "புவனா எங்க? புவனாவக் கூப்புடு" என்று குரல். அத்தனை தடவை தன் பெயரை யாரும் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தாள். சிருங்கேரியில் படுக்கப் போகும்போதுதான் உறைத்தது. இதுவரை எடுத்த எதிலும் அவள் இல்லை. ஓரத்தில்கூட இல்லை.

கடைசி இடம் பேலூர். கோயிலைச் சுற்றி விசாலமான கல் பாவிய பிராகாரம். வேறொரு கேமராவோடு நின்றிருந்த கன்னடக்காரர் ஒருவரைப் புவனா பிடித்தாள். தன் கேமராவில் லென்ஸ் வளையத்தை ஐம்பதில் வைத்துக் கொடுத்து, பின்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். விஷயம் தெரிந்தவர்; தலையாட்டிவிட்டு மதில்வரைக்கும் போனார்.

புவனா ஓடி வந்தாள். எங்கே வேண்டுமானாலும் நின்றிருக்கலாம். கால் பழக்கமாக ஓரத்துக்குப் போயிற்று.

"வா வா, அங்க நின்னுக்கோ" என்றாள் கமலா, அன்பாகத்தான்.

ஊருக்குத் திரும்பியதும் மெமரி கார்டை எடுத்துக்கொண்டு பூபாலன் கடைக்குப் போனாள். பேலூர் படம் கம்ப்யூட்டரில் பெரிதாக விரிந்தது. எல்லார் முகமும் அவரவர் முகம். அவள் முகமும் அப்படியே, கடையில் பார்த்த அதே பெண். நரைகூட அழகாக விழுந்திருந்தது. இதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிய படம்.

ஆனால் அவளுக்கும் கமலாவுக்கும் நடுவே அந்த இடம் இருந்தது. ஒரு ஆள் நிற்கிற இடம், குறையாமல். கமலாவின் கை மகளின் தோளில் இருந்தது. மகளின் கை பக்கத்து வீட்டுக்காரியின் இடுப்பில். அப்படியே சங்கிலியாக மறு ஓரம்வரை போயிற்று. இந்த லென்ஸ் எதையும் இழுக்காது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"என்னை மட்டும் தனியா வெட்டிப் பெருசா போட்டுக் குடு. ஃபிரேமும் போடு" என்றாள்.

"எதுக்குக்கா இப்ப?"

"வூட்ல மாட்டறதுக்குத்தான்டா."

மறுநாள் போனபோது ஃபிரேம் தயாராக இருந்தது. பூபாலன் துணியால் கண்ணாடியைத் துடைத்து அவள் முன்னால் நிறுத்தி வைத்தான். அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

"சூப்பரா வந்திருக்குக்கா. சின்னசாமி அண்ணன்து அவ்ளோ பேஜாரு புடிச்ச வேல. உங்கள்து ஒரே நிமிஷம். தோள்ல கையி, துணி, ஒண்ணுமே இல்ல. யாருமே உங்க மேல படல."

"ஆங்" என்றாள் புவனா. ஃபிரேமைப் பேப்பரில் சுற்றித் தரச் சொல்லி, வாங்கிக்கொண்டு, லேபைத் திறக்கப் போனாள்.