பழகின சேறு

தண்ணீரில் விட்ட ரசாயனம் மக்குமா, மக்காதா என்று கம்ப்யூட்டரைக் கேட்டால் சொல்லும். அதைச் சொல்ல வைப்பதுதான் ஞானகுமாரியின் வேலை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாடியில் நடக்கும் சின்ன கம்பெனி. தரை கழுவும் திரவம், துணிக்குப் போடும் மென்மையாக்கி என்று எதையாவது புதிதாகத் தயாரிப்பவர்கள், உள்ளே இருக்கும் ரசாயனத்தின் அமைப்பை அனுப்புவார்கள். நுண்ணுயிர் நிறைந்த கழிவுநீர்ச் சேற்றோடு பாட்டிலில் போட்டுச் சோதித்தால் ஒரு மாதம் இழுக்கும். அவள் எழுதிய கம்ப்யூட்டர் மாடல் உடனே சொல்லிவிடும். அதற்காக ஐந்து வருஷம் மாடாக உழைத்திருந்தாள்.

வேதியியல் படித்தவள். கணவர் செபாஸ்டியனுக்குத் தையல் மிஷின் பழுது பார்க்கும் வேலை. ஆவடி சேக்காட்டில் வாடகை வீடு. புரோகிராம் எழுதுவதை அந்த வீட்டுச் சமையலறையில், குக்கர் விசிலுக்கு நடுவில்தான் கற்றுக்கொண்டாள். ஞாயிறு பூசையில் முழந்தாளிட்டிருக்கும்போதும் ஏதாவது ஒரு மூலக்கூறு மனசில் ஓடும். அதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமா என்று செபாஸ்டியன் கிண்டல் பண்ணுவார்.

மாடலுக்குச் சொந்த புத்தி கிடையாது. எது மக்கியது, எது மக்கவில்லை என்ற பழைய சோதனை முடிவுகளை ஆயிரக்கணக்கில் காட்டிப் பழக்க வேண்டும். அதை வைத்துத்தான் புதியதை ஊகிக்கும். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?

அப்படியிருக்க, ஒரு துணி மென்மையாக்கியைப் பார்த்து மாடல் ‘மக்கும்’ என்றது. ஞானகுமாரிக்கு உறுத்தியது. அந்த மூலக்கூறின் வால் கிளை கிளையாகப் பிரிந்திருந்தது. நேரான வாலை நுண்ணுயிர்கள் கடித்துத் தின்றுவிடும். இந்த மாதிரி வாலில் அவற்றின் பல் படாது. எதை நம்பி இப்படிச் சொல்கிறது என்று தோண்டினாள். அந்த மென்மையாக்கியை அனுப்பிய அதே வாடிக்கையாளருக்காக முன்பு தங்கள் ஆய்வகத்திலேயே செய்த சோதனைகளில் போய் நின்றது. அவற்றைச் செய்தவன் விஷால், அம்பத்தூர்க்காரன்.

“விஷால், இந்த டெஸ்டுக்கெல்லாம் சேறு எங்கேர்ந்து எடுத்த?”

“இன்னாக்கா கேக்குற, எப்பவும் எடுக்குற எடந்தான். அவங்க ஃபேக்டரி பின்னால தண்ணி சுத்தம் பண்ற தொட்டி கீதுல்ல, அதுல.”

“ஊர்க் கழிவுநீர் நெலையத்துலேர்ந்துதானே எடுக்கணும்?”

“அங்க போய் வர்றதுக்குள்ள குமணன்சாவடி சிக்னல்லயே பாதி நாள் பூடும்க்கா. சாம்பிள் வாங்க ஃபேக்டரிக்குப் போறோம், அப்டியே ஒரு கேன் ரொப்பிகினு வந்துடுவேன். சாருக்கும் தெரியும்.”

அந்தத் தொட்டி நுண்ணுயிர்கள் வருஷக்கணக்காக அந்த ரசாயனக் குடும்பத்தையே தின்று வளர்ந்தவை. ஆந்திரா ஊறுகாயில் ஊறின நாக்கிடம் காரம் எப்படி என்று கேட்டால் என்ன சொல்லும்? ஊர் ஏரியில் இருக்கும் நுண்ணுயிர்களோ இந்தப் பண்டத்தைக் கண்ணால் கண்டதில்லை. அதனால்தான் பழகாத சேற்றில் சோதிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. துணி அலசும் வீட்டிலிருந்தெல்லாம் இது ஏரிக்குப் போகும், மக்காமல் அங்கேயே கிடக்கும், பாட்டில் மேல் மட்டும் ‘மக்கும்’ என்று பச்சை எழுத்தில் இருக்கும்.

முதலாளி ரகுநாதனிடம் போனாள்.

“சார், அந்த ரிசல்ட்டையெல்லாம் தூக்கிட்டு மாடலைத் திரும்பப் பழக்கணும்.”

“தூக்கினா இதுக்கு என்ன சொல்லும்?”

“தெரியாதுன்னு சொல்லும்.”

“தெரியாதுன்னு சொல்ல கம்ப்யூட்டர் எதுக்கும்மா? தெருவுல போறவனே சொல்வான்.”

“ஒரு மாசம் குடுங்க சார். நல்ல சேத்துல போட்டுக் காட்டறேன்.”

“பாருங்க, யாரு வேணாம்னா?” என்றார் அவர்.

வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய அறிக்கை அதுவரை காத்திருக்கும் என்று நம்பினாள். அங்கேதான் ஏமாந்தாள். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் கேனை வைத்து, ஊர்க் கழிவுநீர் நிலையத்திலிருந்து அவளே சேறு கொண்டுவந்தாள். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு முறைத்தார்கள். மூடிய பாட்டிலில் நுண்ணுயிர்கள் தின்னத் தின்ன ஆக்சிஜன் குறையும். ஒப்பிட்டுப் பார்க்க, சுலபமாக மக்கும் பொருள் ஒன்றை வேறு பாட்டிலில் போட்டிருந்தாள். அதில் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கியது. மென்மையாக்கி பாட்டிலில் மாதம் முடிந்தும் அசையவில்லை. தன் சந்தேகம் சரி என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். ஏரியை நினைத்ததும் அந்தச் சந்தோஷம் அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

முடிவை எடுத்துக்கொண்டு ரகுநாதன் அறைக்குப் போனாள். அவர் நிதானமாகப் பார்த்தார்.

“நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா அந்த ரிப்போர்ட் அன்னிக்கே போயிடுச்சேம்மா.”

“யார் பேர்ல சார்?”

“உங்க பேர்லதான். மாடல் உங்களுதாச்சே.”

இத்தனை வருஷத்தில் அவள் பேர் இல்லாமல் ஓர் அறிக்கைகூட வெளியே போனதில்லை. அவள் கையில் இருந்த ஒரே ஆயுதம் அதுதான்; அது இல்லாவிட்டால் அறிக்கை நிற்காது என்று உறுதியாக நம்பினாள்.

“என் பேரை எடுத்துடுங்க, சார்.”

அவர் வாதாடுவார், கெஞ்சுவார், குறைந்தபட்சம் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். ரகுநாதன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். பேரை அழித்தார். திருத்திய பிரதி என்று போட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பினார்.

“எடுத்தாச்சும்மா. இப்ப நிம்மதியா?”

அவள் அங்கேயே நின்றாள். வாடிக்கையாளரின் பதில் வந்ததும் அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். திருத்திய பிரதி கிடைத்தது, நன்றி, திங்கட்கிழமை உற்பத்தி தொடங்குகிறோம் என்று இருந்தது. ஞானகுமாரி அதை இரண்டு தரம் படித்தாள். ஏன் ஒரு பேரை எடுத்தீர்கள் என்று அதில் யாரும் கேட்டிருக்கவில்லை.