கிழக்குச் சன்னலுக்குக் கதவு

கச்சேரிக்கு யார் எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று அந்த நாளில் எனக்கொரு மண்டைக்கனம். முன்வரிசை இடத்துக்காகக் கொடுப்பவர்கள் உண்டு. வாசலில் வந்து நின்றுவிட்டார்களே என்று கொடுப்பவர்களும் உண்டு. ஒரு தென்னந்தோப்புக்காரர் மட்டும் இந்த இரண்டிலும் சேரவில்லை. மூன்று வருஷமாக உட்காரப் பாயும் வருகிறவர்களுக்கு இளநீரும் ஆள் மூலம் அனுப்புவார். ஒரு நாள்கூட மாடியேறி வந்து கேட்டதில்லை. ஊரில் பெயர் வேண்டும் மனுஷனுக்கு, அவ்வளவுதான் என்று தீர்ப்பெழுதி முடித்துவிட்டேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் பாலக்காட்டுக் கோயில் தெருவில் வளர்ந்தவள். கணவருக்குப் பெருமாட்டிப் பக்கம் பள்ளிக்கூட வேலை கிடைத்ததால் அங்கே குடிபோனோம். ஞாயிறு மதியம் ஒரு நெல் கிடங்கின் மாடியில் மூன்று பேர் வாசிப்போம். என் மைத்துனர் மனைவியான ஓர்ப்படி வீணை, தபாலாபீஸ் குமாஸ்தா மிருதங்கம், நான் வயலின். பாட ஆள் கிடையாது. கேட்க இருபது பேர் வந்தால் அதிகம். மரப்படி ஏணி மாதிரி செங்குத்து. வயதானவர்கள் அதைப் பார்த்ததுமே திரும்பிப் போய்விடுவார்கள். அதைப் பற்றி நாங்கள் யாரும் கவலைப்பட்டதில்லை.

என் கவலையெல்லாம் காற்று. மார்கழி பிறந்தால் வாளையாறு பக்கமிருந்து வறட்டுக் காற்று வந்து அறையும். எங்கள் முதுகுக்குப் பின்னால் கிழக்குச் சன்னல், வெறும் கம்பிதான், கதவில்லை. தந்தியை முறுக்கி வைக்கும் பிரடை நழுவும், சுருதி இறங்கும், எனக்குக் கோபம் ஏறும்.

"இதுக்கு ஒரு கதவு போடலேன்னா நான் இனிமே வில்லைத் தொடமாட்டேன்" என்றேன்.

"கத்தாதடி, கேட்டுப் பார்ப்போம்" என்றாள் ஓர்ப்படி.

நேரே தோப்புக்காரரிடம் போய்ப் பலகை கேட்டோம். அவர் ஒரு தடவை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"கெழக்குச் சன்னலுக்குத்தானுங்களா?"

"ஆமாம்."

"செரிங்க, தர்றனுங்க."

நல்ல கனத்த பலாப் பலகை வந்தது. யோசிக்கிறாரே, கஞ்சம் என்று அன்று திரும்பும் வழியெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வந்ததை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அடுத்த ஞாயிறு கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தோம். சுருதி அசையவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரும் போன பிறகு கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று இறங்கிக் கிழக்குப் பக்கம் போனேன். சுவரை ஒட்டி ஒரு கூண்டு வண்டி நின்றது. மாட்டைப் பிடித்துக்கொண்டு தோப்புக்காரர். வண்டிக்குள் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், காலை மூடிய போர்வையோடு.

"ஏனுங்க, இன்னைக்குக் கச்சேரி இல்லீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டார்.

தோப்புக்காரரின் தங்கை. சின்ன வயதில் ஜுரம் வந்து இரண்டு காலும் விழுந்துவிட்டன. மூன்று வருஷமாக அந்தச் சன்னலுக்குக் கீழேதான் கச்சேரி கேட்டிருக்கிறார். கடைசிப் பாட்டுக்கு முன்பே வண்டி கிளம்பிவிடுமாம், யார் கண்ணிலும் படாமல். இன்றைக்குப் பனையோலை இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று அவர் காத்திருந்தார்; கதவு போட்டதைப் பற்றி அண்ணன் அவரிடம் மூச்சே விடவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கப்படாதா?" என்று அவர் அண்ணன் மேல் பாய்ந்தேன்.

"கம்பி எறங்குதுன்னு நீங்க சொன்னீங்க. குடுத்துப்போட்டு அப்பறம் இப்படிச் செய்யி, அப்படிச் செய்யின்னு சொல்றது மொறையில்லீங்க. தேருக்குக்கூட வர மாட்டாளுங்க இவ. இந்த ஒண்ணுக்குத்தான் வண்டி கட்டச் சொல்லுவா."

"மேலே தூக்கிண்டு வரலாமே?"

"வேண்டாமுங்க" என்றார் தங்கை. "அத்தன பேரு முன்னால மூட்டையாட்ட வர மாட்டனுங்க."

எனக்கு அழுகை வந்தது. மேலே பார்த்து, "அந்தக் கதவைத் திறந்து வையுங்கோ, இனிமே சாத்தப்படாது" என்று பாய் சுருட்டிக்கொண்டிருந்த கணவரிடம் கத்தினேன். படியேறிப் போய் வயலினை எடுத்து வந்து, வண்டிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், நான் வந்த சுவர் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாடற அம்மா எறங்கி வரலீங்களா?"

"பாடறவா யாரும் இல்லையேம்மா."

"இருக்கறாங்களே. வார்த்தையே சொல்லாமப் பாடுவாங்களே, மூணு வருசமாக் கேக்கறனுங்க."

வயலினை எடுத்துச் சாய்த்துக்கொண்டேன். காற்றில் சுருதி இறங்கிப்போயிருந்தது. சரி செய்யாமல் அப்படியே வில்லை வைத்து நீளமாக ஒரு இழுப்பு இழுத்தேன். அவருடைய பார்வை சுவர் முனையைவிட்டு என் கைக்கு வந்தது.

"நீங்கதானுங்களா அது?" என்றார்.