பூட்டு மாத்திரை

எங்கள் வீட்டில் அதற்குப் பூட்டு மாத்திரை என்று பெயர். பேதியைச் சட்டென்று நிறுத்துகிற மாத்திரை. தொழிற்சாலை வேலைக்காக மூன்று தலைமுறைக்கு முன் மராத்தி பேசும் ஊரான கட்கிக்கு வந்து தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குக் கிளம்பும்போது புளிசாதப் பொட்டலத்தை மறந்தாலும் இதை மறக்க மாட்டோம். கழிவறை வாசலில்கூட ஆள் உட்கார்ந்திருக்கும் பெட்டியில் அரக்கோணம் வரை போனவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வயிறு நன்றாக இருந்தாலும் ரயில் ஏறுமுன் ஆளுக்குப் பாதி விழுங்குவோம். பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்கு இது பழக்கம்.

என் மகளுக்குப் பதினோரு மாதம். ஆவணியில் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன், என் மச்சான், தினமும் போன் செய்துகொண்டிருந்தான். "மாமா, கெடா கட்டியாச்சி. ஊரு பூரா பத்திரிக குடுத்துட்டேன். நீங்க வந்து எறங்கனா போதும்."

கிளம்புகிற நாள் விடியும்போதே குழந்தைக்குப் போக ஆரம்பித்துவிட்டது. "தண்ணியாட்டம் போவுதுங்க" என்றாள் மனைவி. எட்டு மணிக்குள் ஆறு முறை. அவள் பதறவில்லை. ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கிவரச் சொன்னாள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். இடையில் தாய்ப்பாலும் கொடுத்தாள். செய்ய வேண்டியதைத்தான் செய்தாள். எனக்குத்தான் பொறுமை இல்லை. ரயில் மத்தியானம் இரண்டேகாலுக்கு. இவள் கொடுக்கக் கொடுக்க அது போய்க்கொண்டே இருந்தால் எப்படிக் கிளம்புவது? தண்ணீர் விடுவதால்தான் போகிறது என்றுகூட எனக்குத் தோன்றியது. அவ்வளவுதான் என் அறிவு.

அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அந்த மாத்திரையை எடுத்தேன். எனக்குப் பாதி என்றால் குழந்தைக்குக் கால் என்று ஒரு கணக்குப் போட்டேன். கரண்டித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள் என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

பூட்டு விழுந்தது. பத்து மணியிலிருந்து ஒரு சொட்டு இல்லை. "நின்னுடுச்சிங்க, சாமி கண்ணத் தொறந்துடுச்சி" என்று அவள் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து வைத்தாள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஒரு மணிக்கு ஆட்டோ ஏறினோம். நல்ல மழை. குழந்தை தூங்குகிறது என்று நினைத்தேன். பாலத்தருகே ஆட்டோ குலுங்கியதில் விழித்து மெலிதாக அழுதது. மனைவி அதன் முகத்தைக் கையால் துடைத்துப் பார்த்தாள். "அழுவுது, கண்ணுல தண்ணியே இல்லீங்க." பிறகு சட்டையைத் தூக்கினாள். வயிறு உப்பி விறைத்திருந்தது. தலை அவள் தோளில் நிற்காமல் சரிந்தது. "அண்ணா, வண்டியத் திருப்பு. டாக்டர்கிட்ட போ" என்று டிரைவரிடம் தமிழிலேயே கத்தினாள். அவருக்கு அது புரிந்தது.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு மராத்திப் பெண் டாக்டர் இருந்தார். குழந்தையின் வயிற்றுத் தோலை இரு விரலால் கிள்ளி விட்டார். அது உடனே படியாமல் மெல்ல இறங்கியது. கடைசியாக எப்போது மூத்திரம் போனது என்று கேட்டார். காலையில், என்றாள் மனைவி. ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்து வெகுநேரம் கேட்டார். "என்ன கொடுத்தீங்க?" என்று இந்தியில் கேட்டார்.

"ஓஆர்எஸ், தாய்ப்பால். வேற ஒண்ணும் இல்ல" என்றாள் மனைவி. அவள் அறிந்ததைச் சொன்னாள்.

"வேற எதுவுமே இல்லையா?"

நான் சுவரைப் பார்த்தேன். டாக்டருக்குத் தானாகவே தெரிந்துவிடும், நாம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஓர் எண்ணம் ஓடியது. பெற்ற பிள்ளை அப்படிக் கிடக்கும்போது எனக்கு என் மானம் பெரிதாக இருந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜையில் வைத்தேன். "கால் மாத்திரை. பத்து மணிக்கு."

மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையை மட்டும் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

டாக்டர் திட்டவில்லை. அதைவிட மோசமாக, வகுப்பில் பாடம் சொல்வதுபோலச் சொன்னார். பேதி நிற்கவில்லை, வெளியே வருவதுதான் நின்றிருக்கிறது. குடல் அசையாமல் கிடக்கிறது. தண்ணீர் உள்ளே தேங்கி வீணாகிறது. இந்த மாத்திரை கைக்குழந்தையை மயக்கத்தில் தள்ளும், மூச்சையும் பாதிக்கும். பேதி பெரும்பாலும் வைரஸால் வருவது, சில நாளில் தானே அடங்கும். அதுவரை இழந்த தண்ணீரையும் உப்பையும் திரும்பக் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் வைத்தியம். மழைக்காலத்துக் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வருவதைச் சொல்லி நான் பழியை அங்கே தள்ளப் பார்த்தேன். "இருக்கலாம். கழுவாத கையாகவும் இருக்கலாம்" என்றார்.

சலைன் ஏற்ற நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். மூச்சைக் கவனிக்க விரலில் ஒரு கருவியை மாட்டினார்கள். ரயில் போயிருக்கும். மச்சானின் அழைப்பை நான் எடுக்கவில்லை. மாலை ஆறு மணி வாக்கில் குழந்தை என் மடியை நனைத்தது. மூத்திரம்தான். நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்வதற்குள் அழுதுவிட்டேன். மறுநாள் மறுபடியும் பேதி போனது, குடல் அசைகிறது என்று டாக்டருக்கு அதில் சந்தோஷம்.

வீட்டுக்கு அனுப்பும்போது பதினான்கு நாள் துத்தநாக மருந்து எழுதினார். பேதி நின்றாலும் முழுசாகக் கொடுக்க வேண்டும். மனைவி என்னோடு சோறு, துணி, வாடகை பற்றியெல்லாம் பேசினாள். மருந்து பாட்டிலை மட்டும் அவளே எடுத்தாள், அவளே அளந்தாள், அலமாரியில் மேல்தட்டில் வைத்தாள். பதின்மூன்று நாள் அப்படி.

பதினான்காம் நாள் பாட்டிலை என் கையில் கொடுத்தாள். "நீங்க குடுங்க." லேபிளை இரண்டு முறை படித்தேன். பாட்டில் மூடியில் அளவுக் கோடு வரை மருந்தை ஊற்றிக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தி, மூடியை வெளிச்சத்தில் தூக்கிக் கோட்டைச் சரிபார்த்துவிட்டு, "ம்" என்றாள்.