அறைந்து மூடும் போன்

ஹவுன்ஸ்லோவில் இருந்து விமான நிலையத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் அவரைப் பார்ப்பேன். துப்புரவு ஏஜென்சியின் பச்சை ஜாக்கெட், அறுபதைத் தொடும் வயது, சிரிக்காத முகம். கையில் பவுடர் டப்பாவைப் போல மடங்கும் மெல்லிய போன். ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் அதைப் பட்டென்று அறைந்து மூடுவார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

அப்படி ஒன்று வாங்கும் எண்ணம் எனக்கும் இருந்தது. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணை, இந்தப் போன் ஒவ்வொரு நாளும் பாவிக்க எப்பிடி?" என்று கேட்டேன்.

"பற்றரி பின்னேரத்துக்கு முன்னம் செத்துப்போகும். மடிக்கிற இடத்திலை திரையிலை கோடு விழுந்திட்டுது. ஆனா கோவம் வந்தா அடிச்சு மூடலாம். உம்மட போனிலை அது ஏலுமோ தம்பி?"

அந்த நேரம் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் பேசியவன் ஏஜென்சியில் ஷிப்ட் போடுகிறவன், எங்கள் தமிழ் ஆள்தான்.

"அண்ணை, இண்டைக்கு உங்களுக்கு ஷிப்ட் இல்லை. வேறை ஆளைப் போட்டிட்டன். குறை நினைக்காதேங்கோ, என்ன அண்ணை?"

பாதி வழி வந்தவரிடம் சொல்கிற பேச்சா இது? அவன் குழைந்த அந்த 'அண்ணை'யைக் கேட்க எனக்குப் பற்றியெரிந்தது. மூடுங்கள், அவன் பேசும்போதே மூடுங்கள் என்று மனம் கத்தியது.

"பறவாயில்லை தம்பி" என்றார்.

அவன் அழைப்பைத் துண்டித்தான். திரை அணையும்வரை பார்த்திருந்தார். பிறகுதான் அறைந்து மூடி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனார்.

அவர்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பஸ் முழுக்கக் கேட்ட அந்தச் சத்தம், கேட்கவேண்டியவன் காதில் ஒருநாளும் விழுந்திருக்காது.